மாற்றிய மார்ட்டினி கேடட்: எந்தத் தோட்டா வரை போகலாம்?

குழலில் ‘.357 மேக்னம்’ என்று பொறித்திருந்தால், அந்தத் தோட்டா சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) நுழையும் என்று மட்டும்தான் பொருள். வெடிக்கும்போது பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும் பிளாக் அதைத் தாங்குமா என்று பொறிப்பு சொல்லாது. பழைய ஒற்றைத்தோட்டா ரைஃபிளை வேறு தோட்டாவுக்கு மாற்றியவர் கைத்திறன் உள்ளவராக இருக்கலாம். துளைக் கருவி கையில் கிடைத்ததும் வேலையை ஆரம்பித்துவிட்டவராகவும் இருக்கலாம். இரண்டு பேரின் பொறிப்பும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது சிறிய மார்ட்டினி கேடட். 1900இல் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் கொண்டுவந்த .310 கேடட் தோட்டாவுக்காக, பர்மிங்ஹாமில் பிஎஸ்ஏ (பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்) நிறுவனமும் கிரீனரும் ஆஸ்திரேலியக் காமன்வெல்த் அரசுக்குச் செய்து கொடுத்த பயிற்சி ரைஃபிள் இது. பிளாக்கைத் தாங்கும் உலோக உடலான ரீசீவரில் கங்காரு முத்திரை இருக்கும். பள்ளி மாணவர் படைக்காகச் செய்தது என்பதால் தோட்டாவும் சாது: 120 கிரெயின் (சுமார் 7.8 கிராம்) ஈயக் குண்டு, நொடிக்குச் சுமார் 1,200 அடி வேகம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இவை உபரியாக மலிவு விலைக்கு வந்தன. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பட்டறைக்காரர்கள் .32-20, .218 பீ, .22 ஹார்னெட், .357 மேக்னம், .222 ரெமிங்டன், .32 வின்செஸ்டர் ஸ்பெஷல் என்று கையில் கிடைத்ததற்கெல்லாம் மாற்றினார்கள். பிளாக்கும் ரீசீவரும் மட்டும் பழையபடி 120 கிரெயின் ஈயக் குண்டுக்குச் செய்தவைதான்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று: தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுக்குள் வரும், உரிமம் இல்லாமல் செய்யக் கூடாது. கீழே உள்ளது ரீலோடிங்குக்கு, அதாவது சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை (கேஸ்) மீண்டும் நிரப்புவதற்கு, சட்டத்தில் இடமுள்ள நாடுகளில், உரிமத்தோடு செய்பவர்களுக்கு.

கேஸ் சொல்லும் பொய்

ரீலோடிங் பழகியவர்கள் அழுத்தத்தைக் கேஸைப் பார்த்துக் கணிப்பார்கள். வெடிமருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர் தட்டையாகிவிட்டதா, கேஸ் தலையில் பளபளப்பான தழும்பு இருக்கிறதா, திறக்கக் கடினமாக இருந்ததா என்று பார்த்து, ஒன்றும் இல்லையென்றால் இன்னும் அரை கிரெயின் மருந்தைக் கூட்டுவார்கள். நவீன போல்ட் ரைஃபிளிலேயே அது அரைகுறைக் கணக்கு, கேடட்டில் ஆபத்து. பித்தளையும் ப்ரைமரும் தெளிவாக முறையிடத் தொடங்கும் அழுத்தம் பெரும்பாலும் 60,000 பிஎஸ்ஐயை (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) ஒட்டியோ அதற்கு மேலோதான். நூறு வயதைத் தாண்டிய, மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட இந்த எஃகு அதற்கு வெகு முன்பே தன் எல்லையைக் கடந்திருக்கும். ‘அறிகுறி எதுவும் இல்லை’ என்பதால், கேஸின் பித்தளை நன்றாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம். ரீசீவரைப் பற்றி அதில் ஒரு செய்தியும் கிடையாது.

அறிகுறிகள் சீக்கிரமே வந்தாலும் காரணம் வேறாக இருக்கலாம். ப்ரைமரை அடிக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கரின் துளை பெரிதாக இருந்தால் மிதமான அழுத்தத்திலேயே ப்ரைமர் பின்னோக்கி வழியும். ஹெட்ஸ்பேஸ் (மூடிய பிளாக்குக்கும் கேஸுக்கும் இடையே உள்ள தளர்வு) அதிகமென்றால் சாதுவான தோட்டாவிலும் ப்ரைமர் வெளியே தள்ளி நிற்கும். ஆகவே, கேஸை ஜோசியம் பார்ப்பதற்கு முன் ரைஃபிளை அளந்து முடித்திருக்க வேண்டும்.

பின்னுதைப்புக் கணக்கு

பிளாக்கின் மேல் விழும் சுமையைப் பென்சிலால் கணக்கிட்டுவிடலாம். கேஸ் அடியின் குறுக்களவை எடுத்து அதன் பரப்பைக் கண்டுபிடித்து, அந்தத் தோட்டாவுக்கு நிர்ணயித்த உச்ச அழுத்தத்தால் பெருக்கினால் போதும். வெளி அளவை எடுத்துக்கொண்டால் விடை சற்றுக் கூடுதலாக வரும். பாதுகாப்புக் கணக்குக்கு அதுவே நல்லது.

.32-20இன் அடி .353 அங்குலம், பரப்பு .098 சதுர அங்குலம். உச்சம் 16,000 என்று வைத்தால் சுமார் 1,570 பவுண்டு. .38 ஸ்பெஷலின் அடி .379; 17,000 பிஎஸ்ஐயில் 1,920 பவுண்டு. அதே அடியுள்ள .357 மேக்னம் 35,000 பிஎஸ்ஐயில் 3,950 பவுண்டுக்குப் போய்விடுகிறது. .222 ரெமிங்டன் சின்னத் தோட்டா மாதிரித் தெரியும்; அடி .376, அழுத்தம் 50,000. ஆக 5,550 பவுண்டு. .32 ஸ்பெஷலில் அடியும் பெரிது (.422), அழுத்தம் 42,000, 5,870 பவுண்டு. அதாவது இரண்டரை டன்னுக்கு மேல், ஒவ்வொரு சுடுதலுக்கும்.

.32-20இன் 16,000, செப்பு உருளை நசுங்கும் அளவை வைத்துக் கணிக்கும் சியூபி என்ற பழைய அளவு. அதைப் பிஎஸ்ஐக்கு மாற்ற நேரான சூத்திரம் கிடையாது. இந்தக் கணக்கு தோட்டாக்களை ஒன்றோடொன்று ஒப்பிடத்தான். இத்தனை பவுண்டில் ரீசீவர் பிளக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் .32-20க்கும் .32 ஸ்பெஷலுக்கும் இடையே நான்கு மடங்குக்கு நெருக்கமான வித்தியாசம் இருப்பதைப் பார்த்த பிறகு, இரண்டையும் ஒரே ரீசீவரில் வைத்து ‘மார்ட்டினி ஆச்சே, தாங்கும்’ என்று யாரும் சொல்லத் தயங்குவார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் பெரிய மார்ட்டினி-ஹென்றியின் பெயரும் புகழும் இந்தச் சின்ன ரீசீவரைக் காப்பாற்றாது.

ஒரு முக்கியமான சேர்ப்பு: வெடிக்கும் நொடியில் கேஸின் சுவர் விரிந்து சேம்பரைப் பிடித்துக்கொள்வதால் சுமையில் ஒரு பகுதி குறைகிறது. சேம்பரில் எண்ணெய் இருந்தால் அந்தப் பிடிப்பு போய்விடும். முழுச் சுமையும் பிளாக்குக்கு வரும். சுடுவதற்கு முன் சேம்பரை உலர்ந்த துணியால் துடைப்பது இதற்காகத்தான்.

மேசையில்

கேடட்டின் வசதி, ஒரே குறுக்குப் பின்னைத் தள்ளினால் உள் இயந்திரம் முழுவதும் கொத்தாகக் கீழே வந்துவிடும். கழற்றியதும் முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். ரீசீவர் உட்புறத்தில் வைக்கோல் நிறம், ஊதா, நீலம் என்று வெப்பச் சாயல் தெரிந்தால் யாரோ வெல்டு வைத்திருக்கிறார்கள், அல்லது ரைஃபிள் தீயில் அகப்பட்டிருக்கிறது. பிளாக்கின் மறைவான ஓரத்தில் புது அரத்தை லேசாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அரம் கடித்தால் கடினத்தோல் போய்விட்டது. அந்த ரைஃபிளைச் சுவரில் மாட்டலாம், சுடக் கூடாது. ஸ்பிரிங் மட்டும் புதிதாக, மரப்பிடியான ஸ்டாக்கும் புதிதாக இருந்து மற்றதெல்லாம் பழசாக இருந்தாலும் தீவிபத்துச் சந்தேகம் வர வேண்டும்.

அடுத்தது விரிசல். வெல்டிங் பட்டறையில் செய்யும் டிபி டெஸ்டே (விரிசலுக்குள் சாயம் ஊறவைத்துப் பார்க்கும் சோதனை) போதும். கிளீனரால் பிசுக்கு எடுத்து, சிவப்புச் சாயம் அடித்து, 10 முதல் 15 நிமிடம் ஊறவிட்டு, துணியால் துடைத்து (நேராகக் கிளீனரைப் பீய்ச்சினால் விரிசலுக்குள் இருக்கும் சாயமும் வந்துவிடும்), வெள்ளை டெவலப்பரை மெல்லிய படலமாக அடிக்க வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள்: பிளாக்கின் குறுக்குப் பின்னுக்கான துளையைச் சுற்றி, ரீசீவரின் பின்சுவர் மூலைகள், குழல் திருகும் வளையம், சுட்ட கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டருக்காகப் பிளாக்கில் வெட்டிய பள்ளத்தின் கூர்மூலை. மாற்றுவேலையில் அரத்தால் ஆழப்படுத்திய மூலைகளில்தான் விரிசல் பிறக்கும். மயிரிழைக் கோடு ஒன்று சிவந்து எழுந்தால் வேலை அங்கேயே முடிந்தது.

இந்த ரைஃபிளின் உயிர்நாடி பிளாக்கின் பின்புறம். மார்ட்டினி பிளாக்கின் பின்முனை உருண்டையாக இருக்கும். அது ரீசீவரின் பின்சுவரில் உள்ள குழிவில் அமர்ந்து சுமையை அங்கே இறக்க வேண்டும். குறுக்கே போகும் பின் வெறும் கீல். சுமை தாங்க அதைச் செய்யவில்லை. பிரஷ்யன் ப்ளூவை (தொடும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம்) பிளாக்கின் உருண்டையில் மெல்லியதாகத் தடவி, பூட்டி, சேம்பரில் அளவெடுத்த கேஸ் ஒன்றை வைத்து அதன் அடியில் மெல்லிய தகடு (ஷிம்) கொடுத்து இறுக்கமாக மூடித் திறக்கவும். நீலம் குழிவின் அகலம் முழுதும் பரவலாக ஒட்டியிருந்தால் நல்லது. ஒரு மூலையில் மட்டும் புள்ளியாக ஒட்டினால் அல்லது ஒட்டவே இல்லையென்றால் சுமை பின்னில் இறங்குகிறது. அப்படிப்பட்ட ரைஃபிளில் ஒவ்வொரு சுடுதலும் பின்னை வளைத்து, துளையை முட்டை வடிவாக்கி, ஹெட்ஸ்பேஸைக் கூட்டிக்கொண்டே போகும். பிளாக்கை ஏற்றி இறக்கும் லிவரை மூடிவிட்டு பிளாக்கின் முன்முனையைக் கட்டைவிரலால் கீழே அழுத்திப் பாருங்கள். அசைந்தால் லிவரின் தாங்குமுனை தேய்ந்திருக்கிறது.

இங்கே ஷிம்மை நிரந்தரமாக வைத்துச் சரிசெய்யலாமே என்று தோன்றும். கூடாது. சுத்தியல் அடி மாதிரி வரும் சுமையில் ஷிம் பிதுங்கி நகரும். நகர்ந்த ஷிம் பிளாக்கைத் திறக்கவிடாமல் ஆப்பாகச் சிக்கிக்கொள்ளும்.

ஸ்ட்ரைக்கர். பிளாக் முகத்தில் உள்ள துளைக்கும் ஸ்ட்ரைக்கர் முனைக்கும் இடைவெளி இரண்டு தௌவுக்குள் இருக்க வேண்டும் (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, லேத் பட்டறைக் கணக்கு). கேடட்டின் ஆதித் துளை பெரிது. .222, .218 பீ மாதிரி உயர் அழுத்தத் தோட்டாவுக்கு மாற்றியவர் துளையில் புஷ் (துளையைச் சிறிதாக்கும் உலோக வளையம்) போட்டு முனையை மெலிதாக்கினாரா என்று பார்த்தாலே அவர் வேலையின் தரம் தெரிந்துவிடும். போடவில்லையென்றால் ப்ரைமர் உலோகம் துளைக்குள் வழிந்து குமிழாக நிற்கும். போல்ட் ரைஃபிளில் போல்ட் பின்னால் நகர்வதால் அது வெறும் அழகுக் குறை. மார்ட்டினியில் பிளாக் கீழே இறங்கியாக வேண்டும். குமிழ் துளையில் மாட்டிக்கொண்டால் லிவர் திறக்காது. காலால் உதைத்துத் திறந்தால் முனை முறியும். முனை வெளியே நீளும் அளவு .050 முதல் .060 அங்குலம் வரை இருக்கலாம். வெடித்த ப்ரைமரில் தடம் நடுவை விட்டு விலகியிருந்தால், குழலை மாற்றியவர் மையத்தைத் தவறவிட்டிருக்கிறார்.

ஹெட்ஸ்பேஸும் .32-20 சிக்கலும்

விளிம்புள்ள தோட்டாவில் ஹெட்ஸ்பேஸ் என்பது விளிம்புக்கும் பிளாக் முகத்துக்கும் இடையே உள்ள தளர்வு. கேஜ் இல்லாவிட்டால் ஒளிபுகும் செல்லோ டேப் போதும். டேப்பின் தடிமனை மைக்ரோமீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக இரண்டு தௌவுக்கு மேல் கொஞ்சம் வரும். ப்ரைமர் இல்லாத வெற்றுக் கேஸின் அடியில் ஒரு படலம் ஒட்டி மூடிப் பார்த்து, மூடினால் இன்னொன்று. எத்தனையாவது படலத்தில் பிளாக் உரசத் தொடங்குகிறதோ அதுவே தளர்வு. மூன்று நான்கு தௌ என்றால் நிம்மதி. எட்டைத் தாண்டினால் இந்த ரைஃபிளில் ஒரு தோட்டாவும் சுட வேண்டாம் என்பதே எங்கள் வழக்கம்.

.32-20க்கு மாற்றிய கேடட்களில் இங்கே ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. பழைய .310 கேஸின் விளிம்பு மெலிது; .32-20இன் விளிம்பு .065 அங்குலம் வரை தடிமன். இரண்டையும் பொருத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, .32-20 கேஸை லேத்தில் போட்டு விளிம்பின் முன்பக்கத்தைச் சீவுவது. கேஸை நீளத்திலும் குறைத்துவிட்டால் ரைஃபிளைத் தொடாமலேயே.310 சேம்பரில் பயன்படுத்தலாம். மற்றது, குழலில் விளிம்புக்கான பள்ளத்தை ஆழப்படுத்துவது. இரண்டாம் வழியில் போன ரைஃபிளில், முதல் வழியில் சீவிய கேஸைப் போட்டால் வித்தியாசம் முழுதும் ஹெட்ஸ்பேஸாகிவிடும். வெடித்ததும் கேஸ் அடிக்குச் சற்று மேலே வளையமாக நீளும், இரண்டு மூன்று சுடுதலில் அறும். ரைஃபிளோடு ஒரு டப்பா பழைய கேஸும் சேர்த்து விற்கிறார்கள் என்றால் அந்த விளிம்புகளை ஒவ்வொன்றாக அளக்காமல் ஒன்றையும் நிரப்பக் கூடாது.

சேம்பர் வார்ப்பும் குழல் அளவும்

சேம்பரின் உண்மை வடிவத்தைத் தெரிந்துகொள்ள செரோசேஃப் வார்ப்பு எடுக்கலாம். 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகும் கலவை அது. கரண்டியில் மெதுவாகச் சூடாக்கினால் போதும். சேம்பரை எண்ணெய் போகத் துடைத்து, சேம்பர் வாய்க்கு அரை அங்குலம் தள்ளிக் குழலைத் துணியால் அடைத்து, ரைஃபிளை நிமிர்த்தி வைத்து ஊற்ற வேண்டும். கலவை முதல் அரை மணி நேரம் சுருங்கும். அதற்குள் முன்னாலிருந்து கோலால் தட்டி வெளியே எடுத்துவிட வேண்டும். பிறகு மெல்ல விரியும். ஊற்றி சரியாக ஒரு மணி நேரத்தில் அளந்தால் சேம்பரின் அளவே கிடைக்கும். மறந்துபோய் மறுநாள் அளந்தால் எண் கூடுதலாக வரும். அதை நம்பிக் குண்டு வாங்கினால் காசு வீண்.

வார்ப்பில் முதலில் பார்க்க வேண்டியது கழுத்து. நிரப்பிய தோட்டாவின் கழுத்துக்கும் சேம்பர் கழுத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு மூன்று தௌ இடம் வேண்டும். குண்டை விட்டுவிட கேஸ் கழுத்து விரிய வேண்டும். விரிய இடமில்லையென்றால் சாதுவான மருந்தும் அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடும்.

குழலின் உள்ளளவுக்குத் தூண்டில் ஈயக்குண்டு. குழலில் எண்ணெய் தடவி, குழலைவிடச் சற்றுப் பெரிய ஈயத்தை மரச்சுத்தியால் வாயில் தட்டி இறக்கி, பித்தளைக் கோலால் தள்ளி எடுத்தால் குழலுக்குள் வெட்டிய சுழல் பள்ளங்களின் அச்சு கிடைக்கும். .310 குழலின் பள்ள அளவு ரைஃபிளுக்கு ரைஃபிள் மாறும்; .316இலிருந்து .323 வரை வரலாம். .32-20க்கென்று கடையில் விற்கும் .312 குண்டு இதற்குள் ஆடிக்கொண்டே போகும். ஆபத்தில்லை, ஆனால் இலக்கு அட்டையில் குண்டு பக்கவாட்டில் பாய்ந்த தடம் விழும். சரியான அளவு, பள்ளத்தைவிட ஒன்று அல்லது இரண்டு தௌ பெரிய ஈயக் குண்டு. இங்கேதான் கழுத்துச் சிக்கல் திரும்ப வருகிறது: .321 குண்டை .32-20 கேஸில் அமர்த்தினால் கழுத்து, கேஸ் சுவரையும் சேர்த்து .335 வாக்கில் நிற்கும்; .32-20 துளைக் கருவியால் வெட்டிய கழுத்துக்குள் அது போகவே போகாது. லிவரை அழுத்தித் திணிக்காதீர்கள். கேஸுக்குள் மெலிந்து வெளியே தடித்த பழைய பாணிக் குதிகால் குண்டு வேண்டும், அல்லது கழுத்தைத் திறந்த சேம்பர் வேண்டும்.

மருந்து

இங்கே கிரெயின் கணக்கு எதுவும் தரப்போவதில்லை. மருந்தின் பெயர், குண்டு, கேஸ், அமர்த்தும் ஆழம் நான்கும் சேர்ந்ததுதான் ஒரு லோடு. ஒன்றை மட்டும் பிடுங்கி எழுதினால் யாராவது மற்ற மூன்றையும் மாற்றிப் போடுவார்கள். மருந்து நிறுவனங்கள் வெளியிடும், அழுத்தமும் சேர்த்து அச்சிட்ட அட்டவணையிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும்.

.32-20க்குப் பழைய கையேடுகளில் இரண்டு வகை லோடு இருக்கும்: வின்செஸ்டர் 1873க்கான சாது வகை, 1892க்கான வேக வகை. கேடட்டுக்கு எப்போதும் 1873 வகை. ‘கேடட் 1892ஐவிடப் பலம்’ என்ற வாதம் உண்டு. மேசைச் சோதனை எல்லாம் தேறிய கேடட்டுக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதிலிருந்து கிடைக்கும் இருநூறு முந்நூறு அடி வேகத்தால் அட்டைத் தாள் எந்த வகையிலும் வித்தியாசப்படாது.

.357 சேம்பரில் .38 ஸ்பெஷல் அளவிலேயே நிற்பது எங்கள் பரிந்துரை. .38 கேஸையே போட்டுச் சுட்டால் ஒரு தொல்லை: கேஸ் நீளம் 1.155 அங்குலம், சேம்பர் வெட்டியிருப்பது 1.290க்கு. இடைப்பட்ட இடத்தில் ஈயமும் கரியும் வளையமாகப் படியும். பிறகு .357 கேஸைப் போட்டால் கழுத்து அந்த வளையத்தில் இறுகும். முன்பு சொன்ன அதே கதை. .38க்கான ஈயக் குண்டு லோடை .357 கேஸில் நிரப்பினால் இடம் கூடுதலாக இருப்பதால் அழுத்தம் இன்னும் சற்று இறங்கும், வளையமும் படியாது. செப்பு உறையிட்ட குண்டை மட்டும் இந்த மெல்லிய லோடில் போட வேண்டாம். கைத்துப்பாக்கியின் குட்டைக் குழலில் வெளியேறிவிடும் குண்டு, நீளமான ரைஃபிள் குழலில் உராய்ந்து நடுவழியில் நின்றுவிடலாம். சத்தம் கம்மியாகக் கேட்டதென்றால் குழலுக்குள் கோல் விட்டுப் பார்க்காமல் அடுத்ததைப் போடக் கூடாது. நின்ற குண்டின் பின்னால் இன்னொன்று போய் முட்டினால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும்.

வேகமாக எரியும் மருந்து கேஸில் கால்வாசிகூட நிரம்பாது. அதனால் இரண்டு முறை போட்டாலும் வழியாது, கண்ணுக்கும் படாது. நிரப்பிய கேஸ்களைத் துளைப்பலகையில் நிறுத்தி, குண்டை அமர்த்துவதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றிலும் மட்டத்தைப் பார்ப்பது கட்டாயம். கேஸைப் பாதிக்கு மேல் நிரப்பும் பருமனான மருந்தைத் தேர்ந்தெடுத்தால் இரட்டைப் போடு தானே பொங்கி வழிந்து காட்டிக்கொடுக்கும். குண்டை அட்டவணையில் உள்ளதைவிட ஆழமாக அமர்த்துவதும் சின்னக் கேஸில் அழுத்தத்தைச் சட்டென்று கூட்டும். நீளத்தை வெர்னியரில் பத்துக்கு ஒன்றாவது பார்க்கவும்.

.222, .32 ஸ்பெஷல் என்று பொறித்த கேடட்? சுடாமல் விடுவது, அல்லது குழலை மாற்றிச் சாதுவான தோட்டாவுக்குத் திரும்புவது. மெல்லிய லோடு போட்டுச் சமாளிக்கலாம் என்றால், அலமாரியில் அந்த சேம்பருக்குள் நுழையும் ஆலைத் தோட்டா ஒரு பெட்டி என்றாவது வந்து சேரும். ரைஃபிள் கைமாறும்போது உங்கள் எச்சரிக்கைச் சீட்டு கூடவே போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

முதல் சுடுதல்

இரட்டைப் பங்கு மருந்து போட்டு ‘சோதித்துவிடுவது’ பட்டறைப் பழக்கம், மோசமான பழக்கம். உடையாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் திறந்திருக்கலாம்; அது பிறகு ஏதோ ஒரு சாதாரணத் தோட்டாவில் முடியும். பிரிட்டனில் அதிகாரபூர்வ நிரூபணக் கூடங்கள் இருக்கின்றன. அளவும் சோதனையும் தெரிந்தவர்கள் செய்யட்டும். குழலில் உள்ள பழைய பர்மிங்ஹாம் முத்திரை .310க்கு அடித்தது, சேம்பர் மாறிய நாளோடு அதன் மதிப்பு போய்விட்டது.

அட்டவணையின் தொடக்க அளவில் ஐந்து தோட்டா நிரப்பி, ரைஃபிளைக் கனமான பழைய டயரில் கட்டி, தடுப்புக்குப் பின்னால் நின்று பத்து மீட்டர் கயிற்றால் விசையை இழுக்கவும். ஒவ்வொன்றுக்கும் பிறகு கேஸ் விரலாலோ எக்ஸ்ட்ராக்டராலோ எளிதாக வர வேண்டும். மார்ட்டினி எக்ஸ்ட்ராக்டருக்கு இழுக்கும் பலம் குறைவு. அதனால் கோலால் பின்னோக்கித் தட்ட வேண்டிய நிலை வந்தாலே அந்த லோடு கூடுதல், அல்லது சேம்பர் சொரசொரப்பு. ஐந்தும் முடிந்ததும் டேப் சோதனையை அதே கேஸை வைத்துத் திரும்பச் செய்து, முன்பு எழுதிவைத்த எண்ணோடு ஒப்பிடவும். ஒரு தௌ கூடியிருந்தாலும் நிறுத்த வேண்டும். பிளாக்கின் பின்னில் புது வளைவு இருக்கிறதா என்று கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டிப் பார்க்கவும்.

அடுத்து குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப். அட்டவணை எந்த நீளக் குழலில் எடுத்தது என்பதைக் கவனித்து ஒப்பிட வேண்டும். நீளமான குழலில் வேகம் இயல்பாகவே சற்றுக் கூடும். அதை விட்டுத் தள்ளிய பிறகும் அட்டவணை வேகத்தைத் தாண்டினால் அழுத்தமும் தாண்டியிருக்கிறது. கேஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் மருந்தைக் குறைக்க வேண்டியதுதான். 50 தோட்டாவுக்கு ஒரு முறை டேப் சோதனை, 200க்கு ஒரு முறை பிளாக்கைக் கழற்றிப் ப்ளூ பார்ப்பது. எண்களை ஒரு அட்டையில் தேதியோடு எழுதி, ஸ்டாக்கின் அடித்தகட்டைக் கழற்றி அதன் பின்னால் உள்ள துளைக்குள் சுருட்டி வைத்துவிட்டால் ரைஃபிள் யார் கைக்குப் போனாலும் அட்டை பெரும்பாலும் கூடவே போகும்.